நுழைவுப் பரீட்சையும் பிழைக் கணக்கும்

(நமது சங்கக் கல்விக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பொறியியற் கலாசாலைகளிற் சேர்வதற்குரிய அகில இந்திய நுழைவுப் பரீட்சைக்கு நம் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்வது எங்ஙனம் என்பதுபற்றி இன்று பேசுமாறு கல்விக் குழுவினர் எம்மைப் பணித்தனர். அப்பணியோடு, இக்கூட்டத்தின் முடிவில் வரவிருக்கும் தீர்மானத்தின் நகல் ஒன்றையும் அனுப்பிவைத்தனர். நம் மாணவர் விடுதியில் ஞாயிறுதோறும் நடைபெறும் மாதிரிப் பரீட்சையின் மதிப்பெண்களை இனி நமது மாதப் பத்திரிகையிற் பெயருடன் வெளியிடுவதென்றும், பட்டியலில் முதல் ஐந்து இடங்களைப் பெறுவோர்க்கே உபகாரச் சம்பளம் அளிப்பதென்றும் அத்தீர்மானம் கூறுகின்றது. அதனைக் கொண்டுவந்த அன்பர்களின் நல்லெண்ணத்தில் எமக்கு அணுவளவும் ஐயமில்லை. எனினும் அதனை ஏற்க வேண்டாமென்று உங்களை வேண்டிக்கொள்ளவே யாம் வந்துள்ளோம். எதிர்க்க எமக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நம் விடுதிச் சுவரில் மதிப்பெண் பட்டியலை முதன்முதல் ஒட்டியவர் யாமே. அதனால் விளைந்த தீங்கை நேரிற் கண்டவரும் யாமே. எமது தகுதி அவ்வளவே.

முதற்கண் இப்பரீட்சையின் இயல்பைச் சுருங்கச் சொல்லுவோம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் முதலாவது 1951ஆம் ஆண்டில் கரக்பூரில் தோன்றிற்று. சென்னைக் கழகம் ஜெர்மானியரின் உதவியோடு 1959ஆம் ஆண்டில் அமைந்தது. இக்கழகங்களுக்குப் பொதுவாக நடந்துவந்த பரீட்சை 2013ஆம் ஆண்டு முதல் மெயின், அட்வான்ஸ்டு என இரண்டு படிகளாயிற்று. மெயின் பரீட்சையை 2019ஆம் ஆண்டிலிருந்து தேசியத் தேர்வு முகமை கணினி வழியே நடத்துகின்றது. ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இருமுறை எழுதி, இரண்டிற் சிறந்ததைக் கணக்கிற் கொள்ளலாம். அதில் முன்னிற்கும் இரண்டரை லட்சம் பேருக்கே அட்வான்ஸ்டு எழுதும் உரிமை உண்டு.

இரண்டாம் படியின் செங்குத்தை அறிய ஓராண்டின் கணக்குப் போதும். 2024ஆம் ஆண்டில் அட்வான்ஸ்டு பரீட்சையின் இரு தாள்களையும் எழுதியவர் 1,80,200 பேர். தேறியவர் 48,248 பேர். 23 கழகங்களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. எழுதியவர்களிற் பத்துக்கு ஒருவர்கூட இடம்பெறவில்லை. தேறியவர்களிலும் மூவரில் ஏறக்குறைய இருவர் வெளியே நின்றனர். அவர்களெல்லாம் அறிவிலிகளா? பன்னிரண்டாம் வகுப்பிற் பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் நன்கு கற்றுத் தம் தம் ஊரில் முதல்வரென்று புகழ்பெற்ற பிள்ளைகளே அவர்களிற் பெரும்பாலோர் என்பதை மறவாதீர்கள்.

நம் மாகாணத்தாருக்கு இதிற் பிறிதொரு சங்கடமும் உண்டு. 2007ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டுப் பொறியியற் கலாசாலைகளுக்கு மாநில நுழைவுப் பரீட்சை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என 200க்குக் கணக்கிட்டு இடம் வழங்குகின்றனர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மையைச் செய்தது. ஆயினும் நுழைவுப் பரீட்சை என்பது எத்தகைய பிராணி என்பதே நம் குடும்பங்களுக்கு மறந்துபோயிற்று. ஆதலால் ஒரு வீட்டில் அளவுகடந்த அச்சம். அடுத்த வீட்டில் அளவுகடந்த மோகம். இரண்டும் அறியாமையின் பிள்ளைகளே.

இனி, மதிப்பீடு என்னும் விஷயத்துக்கு வருவோம். மெயின் பரீட்சையின் முடிவை மதிப்பெண்ணாக அல்லாமல் பெர்சன்டைல் என்னும் கணக்காக வெளியிடுகின்றனர். பரீட்சை பல நாட்களிற் பல வேளைகளில் நடைபெறுவதால் ஒரு வேளைத் தாள் கடினமாகவும் மற்றொன்று எளிதாகவும் அமைதல் கூடும். ஆகவே ஒரு மாணவன் தன்னோடு அதே வேளையில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கின்றான் என்று பார்த்து, அதனை ஏழு தசம ஸ்தானம் வரை குறிக்கின்றனர். "என் மகன் 90 வாங்கினான்" என்று சர்க்கரை வழங்கிய தகப்பனாரை யாம் அறிவோம். 2025 ஜனவரியில் எழுதியவர் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர். 90 பெர்சன்டைல் என்றால் அவருடைய மகனுக்கு முன்னே 1,20,000 பேருக்கு மேல் நிற்கின்றனர் என்பது பொருள். மற்றொரு வீட்டில், "300க்கு 150 தானா? பாதியிலே நின்றுவிட்டாயே" என்று மகளை வைதனர். பள்ளிக்கூடக் கணக்கில் அது பாதி; இப்பரீட்சையிலோ எழுதியவர்களிற் பெரும்பாலோரைக் கடந்த நிலை. அளவுகோலின் பெயரறியாமல் அளந்தால் மகிழ்ச்சியும் பொய், துக்கமும் பொய்.

தனியார் பயிற்சி நிலையங்கள் தம் மாதிரிப் பரீட்சைக்குத் தரும் பெர்சன்டைலும் அத்தகையதே. அது அந்நிலையத்து மாணவர்களுக்குள்ளே கண்ட வரிசை. குளத்து மீன்களை ஒன்றோடொன்று அளந்துவிட்டுக் கடலைப்பற்றித் தீர்ப்புச் சொல்லுதல் கூடாது.

அன்பர்களே! இப்பொழுது எமது குற்றத்தை உரைப்போம்.

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் விடுதி மாணவர் பதினால்வருக்கு மாலையில் கணிதம் கற்பித்துவந்தோம். அவ்வாண்டு வழக்கில் இருந்த தாள் 90 வினாக்களும் 360 மதிப்பெண்களும் உடையது. சரியான விடைக்கு 4 கூடும். தவறான விடைக்கு 1 குறையும். ஞாயிறுதோறும் அதுபோல் ஒரு தாள் வைப்போம். திங்கட்கிழமை காலையில் பதினால்வர் பெயரையும் வரிசைப்படுத்திச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டுவோம். போட்டி உணர்ச்சி பிறக்கும் என்பது எமது எண்ணம். மேலே நின்ற நால்வருக்கு அது பிறந்ததும் உண்மை. ஏனைய பதின்மர் திங்கட்கிழமைகளிற் காலைச் சிற்றுண்டிக்குப் பிந்தி வரத் தொடங்கினர். அதன் காரணத்தை யாம் அப்பொழுது சிந்திக்கவில்லை.

அவர்களுள் ஒரு பிள்ளை வாரந்தோறும் பதினொன்றாம் இடத்திலேயே நின்றான். சிறிய பலசரக்குக் கடை நடத்தும் குடும்பம். தீபாவளிக்கு மகனை அழைத்துச் செல்ல வந்த தகப்பனார் சுவர் முன் நின்று பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தார். பிறகு எம்மிடம் வந்து, "ஐயா, இந்தப் பரீட்சை எங்கள் பையனுக்கு வராது போலிருக்கிறது. ஊரிலிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டு, மிச்ச நேரத்திற் கடையைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். தடுத்திருக்க வேண்டியவர் யாம். தடுக்கவில்லை. பட்டியல் அவரை நம்பச் செய்ததுபோலவே எம்மையும் நம்பச் செய்திருந்தது. "அப்படியே செய்யுங்கள்" என்றோம். பையன் தன் டிரங்குப் பெட்டியுடன் சென்றான்.

மறு ஆண்டு மே மாதத்தில் விடுதி அலமாரியைச் சுத்தஞ் செய்கையில் அவன் விட்டுச்சென்ற வினாத்தாள்கள் அகப்பட்டன. எல்லாக் கணக்குகளையும் ஓரத்திலே தெளிவாகப் போட்டுப் பார்க்கும் வழக்கமுடையவன் அவன். அவன் எழுதிய கடைசித் தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்து, ஒவ்வொரு வினாவாக ஆராய்ந்தோம். பட்டியலில் அத்தாளுக்குரிய மதிப்பெண் 120. 90 வினாக்களுக்கும் விடை குறித்து, 42 சரியாகவும் 48 தவறாகவும் அமைந்திருந்தான். 168இல் 48 போக 120. இவ்வளவே பட்டியலுக்குத் தெரியும். ஓரத்துக் கணக்குகளோ வேறு கதையைக் கூறின.

முறையாகக் கணக்குப் போட்டுச் சரியான விடை கண்டவை 35. வழியெல்லாம் சரியாகச் சென்று கடைசியிற் கூட்டலிலோ குறியிலோ வினாவைப் படித்ததிலோ சறுக்கியவை 16. தெரியும் என்று நம்பிப் போட்டு, அடிப்படைக் கருத்தே பிழையாயிருந்தவை 12. தெரியாமலோ பாதி தெரிந்தோ ஊகத்திற் குறித்தவை 27. அவற்றில் 7 சரியாக, 20 தவறாகப் போயின.

இதனை நிதானமாக நோக்குங்கள். 27 வினாக்களில் ஊகத்தால் அவன் சம்பாதித்தது 28இல் 20 போக வெறும் 8 மதிப்பெண். அந்த எட்டுக்காக அவன் எவ்வளவு நேரத்தை விட்டிருப்பான்! 180 நிமிஷத்தில் 90 வினா என்றால் ஒன்றுக்கு இரண்டே நிமிஷம். அங்கே செலவான நேரத்தின் நெருக்கடியாலேயே தெரிந்த 16 வினாக்களிற் சறுக்கினான். ஒரு சறுக்கல் வர வேண்டிய 4 மதிப்பெண்ணையும் கெடுத்து, இருப்பிலிருந்து 1 மதிப்பெண்ணையும் கொண்டுபோகின்றது. ஆக ஒவ்வொன்றுக்கும் நஷ்டம் 5. ஊகத்தை விட்டு, தெரிந்த 51 வினாக்களையும் பொறுமையாகச் செய்து, கருத்துப் பிழை பன்னிரண்டையும் அப்படியே தவறவிட்டிருந்தாலுங்கூட 204இல் 12 போக 192 பெற்றிருப்பான். அதே வாரம் மூன்றாம் இடத்தில் நின்ற மாணவன் 54 வினாக்களே எழுதி, 41 சரியும் 13 தவறுமாக 151 பெற்றிருந்தான். பதினொன்றாம் இடத்தானுக்குத் தெரிந்தவை மூன்றாம் இடத்தான் சரியாக எழுதியவற்றினும் பத்து மிகுதி. இதைப் பட்டியல் எமக்குச் சொல்லவில்லை. சொல்லும் ஆற்றல் பட்டியலுக்கு இல்லை.

தாள்களை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குச் சென்றோம். ஏப்ரல் பரீட்சையும் அதற்குள் முடிந்துவிட்டது. யாம் போட்ட கணக்கைப் பையன் பொறுமையாகக் கேட்டான். "இதை அப்போதே சொல்லியிருக்கலாமே, சார்" என்றான். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. பின்னர் அவர் மாநிலக் கவுன்சலிங் வழியே நல்லதொரு கலாசாலையிற் பயின்று, இன்று கௌரவமான உத்தியோகத்தில் இருக்கின்றார். அவருடைய வாழ்வு கெட்டுவிடவில்லை. ஆனால் நம் சங்க விழாவுக்கு ஆண்டுதோறும் அழைப்பு அனுப்புகின்றோம், அவர் வருவதில்லை.

நம் குலத்தார் வியாபாரத்தால் வாழ்ந்தவர்கள். கடையடைத்த பின் நாள்வழியைப் பேரேட்டில் ஏற்றாமல் நம் பாட்டனார் எவரும் உறங்கியதில்லை. "இன்று இவ்வளவு நஷ்டம்" என்று தொகையை மட்டும் எழுதிவைத்து எவரேனும் வியாபாரம் நடத்தியதுண்டா? எடையில் நஷ்டமா, கொள்முதலில் நஷ்டமா, கடனில் நஷ்டமா, எலி தின்றதா என்று வகைபிரித்துப் பார்த்த பின்னரே மறுநாட் காலையிற் கடை திறப்பார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் வீட்டுப் பழமொழி. அத்தகைய மரபில் வந்த நாம், பிள்ளைகளின் உழைப்புக்கு மட்டும் தொகையைப் பார்த்துவிட்டு வகையைப் பாராமல் விடுவது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே மாணவர்களே, மாதிரிப் பரீட்சை எழுதிய மறுநாள் செய்ய வேண்டுவதைக் கூறுவோம், கவனமாகக் கேளுங்கள். ஒரு குறிப்பேட்டை எடுத்து நான்கு பத்திகளாகக் கோடிடுங்கள். தவறிய வினாக்களையும் விடுபட்ட வினாக்களையும், விடைக் குறிப்பைப் பாராமல், நேரக் கட்டுப்பாடின்றி மறுபடியும் போட்டுப் பாருங்கள். இப்பொழுது சரியாக வந்துவிட்டால் அது கைப்பிழை. இப்பொழுதும் அதே தவற்றைச் செய்து அதையே சரியென்று நம்புவீர்களாயின் அது கருத்துப் பிழை. எங்கே தொடங்குவதென்றே தோன்றாமற் குறித்தது ஊகப் பிழை. தெரிந்திருந்தும் நேரமின்றி விட்டது காலப் பிழை. பிழையின் பெயர் தெரிந்தால் மருந்து தானே தெரியும்.

கைப்பிழைக்கு மருந்து மேலும் படித்தலன்று. பிழை எந்த இடத்தில் நேர்ந்ததென்று ஒரு வரியில் எழுதுங்கள். "தவறானது எது என்று கேட்டதைச் சரியானது எது என்று படித்தேன்", "சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை", "மோலாலிட்டி என்றிருந்ததை மோலாரிட்டி என்று கொண்டேன்", "அடைப்புக்குறிக்கு முன்னிருந்த கழித்தற் குறியை உள்ளே செலுத்தவில்லை." நான்கு வாரம் இங்ஙனம் எழுதினால் ஒரே பிழை பல வேடங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அதன்பின் அது வரும்பொழுதே அடையாளம் தெரியும்.

கருத்துப் பிழை ஆழமானது. மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்பொழுது அதன் வேகம் சுழி என்பது மெய். முடுக்கமும் சுழி என்று எத்தனை பிள்ளைகள் குறிக்கின்றனர்! பூமியின் ஈர்ப்பு அந்தக் கணத்தில் ஓய்வெடுப்பதில்லையே. இவ்வகைப் பிழையை நூறு கணக்குகள் போட்டும் போக்க முடியாது. பிழையான கருத்தோடு நூறு முறை பழகினால் பிழையே உறுதிப்படும். பாடப் புத்தகத்தின் அந்த அத்தியாயத்துக்குத் திரும்பி, உபாத்தியாயரிடம் வாய்விட்டு விளக்கிச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதே கணக்கை ஒரு வாரங் கழித்தும், ஒரு மாதங் கழித்தும் மறுபடி போட வேண்டும்.

ஊகத்தைப்பற்றி உள்ளதை உள்ளபடியே சொல்லுவோம். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கு தடவைக்கு ஒரு முறை 4 வந்து மூன்று முறை 1 போகும். சராசரியாக வினா ஒன்றுக்குக் கால் மதிப்பெண் மிஞ்சும். இரண்டு விடைகள் ஆகாவென்று நிச்சயமாகத் தள்ளிவிட்டு மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரி ஒன்றரை மதிப்பெண். ஆகவே ஊகமே கூடாதென்பது பொருந்தாது. அரைகுறைக் கணக்கோடு நெடுநேரம் போராடிவிட்டுப் பிறகு ஊகிப்பதே கேடு. அன்றியும், வினா அமைப்போர் மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் விடைகளையே தவறான விடைகளாக வைக்கின்றனர். பாதிக் கணக்கில் வந்த எண் அங்கே இருப்பதைக் கண்டு மயங்கலாகாது. 2025ஆம் ஆண்டின் மெயின் தாளில் 75 வினாக்கள். பாடத்துக்கு 20 நான்கில் ஒன்றைத் தெரிவன, 5 எண்ணை நாமே எழுத வேண்டியன. எண் வினாக்களுக்கும் கழிவு உண்டாதலின் அங்கே ஊகத்துக்கு இடமில்லை. அட்வான்ஸ்டு தாளிலோ, ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடையுள்ள வினாக்கள் வரும். 2024ஆம் ஆண்டின் முறைப்படி அவற்றில் நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் குறித்தாற் பகுதி மதிப்பெண் கிடைத்தது. தவறானது ஒன்று கலந்தால் 2 கழிந்தது. பரீட்சைக்குப் பரீட்சை விதி மாறும். அவ்வவ்வாண்டின் அறிவிப்பைப் படிக்காமல் எழுதப் போதல் தகாது.

காலப் பிழைக்கு ஒரு வழி, தாளை இரண்டு சுற்றாகச் செய்தல். முதற் சுற்றில் பார்த்த மாத்திரத்தில் வழி தெரிபவை. இரண்டாம் சுற்றில் சிந்திக்க வேண்டுபவை. 75 வினாக்களுக்கு 180 நிமிஷமென்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் 24 விநாடி. ஐந்து நிமிஷம் கடந்தும் வழி தெரியாத கணக்கைக் கைவிடுதல் தோல்வியன்று. வாராத கடனை விட்டு வரும் கடனைத் தண்டுதல் போன்றது அது.

வாரத்துக்கு மூன்று மாதிரிப் பரீட்சை எழுதி ஒன்றையும் ஆராயாத மாணவனைவிட, ஒன்று எழுதி மறுநாள் முழுவதும் அதனை ஆராய்ந்தவனே வளர்கின்றான். ஜனவரிப் பரீட்சையையும் இவ்வாறே பயன்கொள்ளுங்கள். அதன்பின் முகமை ஒவ்வொருவர் குறித்த விடைகளையும், தற்காலிக விடைக் குறிப்பையும் வெளியிடுகின்றது. அவற்றை இறக்கி, நான்கு பத்திகளில் ஏற்றி ஆராய்ந்தால் ஏப்ரலுக்குள் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. மெய்யான பரீட்சை மண்டபத்துப் பதற்றத்தோடு எழுதிய தாளைவிடச் சிறந்த மாதிரித் தாள் உலகிற் கிடையாது.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டுவன சில உள. முதலாவது, பன்னிரண்டாம் வகுப்பைப் புறக்கணிக்கலாகாது. ஐ.ஐ.டி.க்களிலும் என்.ஐ.டி.க்களிலும் சேர அதில் நூற்றுக்கு 75 பெற்றிருக்க வேண்டும், அல்லது தம் கல்வி வாரியத்தில் முதல் 20 சதவீதத்துள் இருக்க வேண்டும். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 65 போதும். மாநிலக் கவுன்சலிங்கின் வாசலும் அம்மதிப்பெண்ணாலேயே திறக்கின்றது. இரண்டாவது, பிள்ளையை வெளிமாகாணத்துப் பயிற்சி நகரத்துக்கு அனுப்பி அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பைத் தேறச் செய்பவர்கள் ஒன்றறிய வேண்டும். என்.ஐ.டி.க்களின் இடங்களிற் பாதி அந்தந்த மாநிலத்தாருக்கு உரியவை. எந்த மாநிலத்தான் என்பதைப் பிறந்த ஊரைக் கொண்டு அல்லாமல் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய இடத்தைக் கொண்டே முடிவு செய்கின்றனர். நம் திருச்சிராப்பள்ளிக் கலாசாலையின் பாதி இடங்களின்மேல் உள்ள உரிமையை அறியாமலே இழந்தவர்கள் உண்டு. மூன்றாவது, இதர பிற்பட்டோர் பிரிவிற் சேர்வோர் மத்திய அரசின் படிவத்தில், அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதியன்றோ அதன் பின்னரோ பெற்ற சான்றிதழைக் காட்ட வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் அங்கே செல்லாது. நான்காவது, மெயின் பரீட்சையை 2021ஆம் ஆண்டு முதல் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழிற் கற்கும் பிள்ளை கலைச்சொற்களைப் பதினோராம் வகுப்பிலிருந்தே இரு மொழியிலும் பழகிக்கொள்வது நலம். ஐந்தாவது, பெண்மக்களைப்பற்றியது. ஐ.ஐ.டி.க்கள் 2018ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்களை ஏற்படுத்தி, 2020இல் மாணவியர் 20 சதவீதமாகும்படி செய்தன. நம் விடுதி வகுப்பில் இன்றும் மாணவியர் மிகக் குறைவு. இதற்குப் பரீட்சையை நோவதில் பயனில்லை, நாமே காரணம்.

இனித் தீர்மானத்துக்கு வருகின்றோம். பட்டியலை வெளியிடுவது பிள்ளைகளைத் தூண்டும் என்பது அன்பர்களின் கட்சி. மத்திய அரசு 2024 ஜனவரியில் பயிற்சி நிலையங்களுக்கு வகுத்த நெறிமுறையைப் பாருங்கள். 16 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கலாகாது, இன்ன இடம் வாங்கித் தருவோமென்று வாக்களிக்கலாகாது என்பவற்றோடு, நிலையத்துப் பரீட்சை முடிவுகளைப் பகிரங்கப்படுத்தலாகாது, அவற்றை மறைவாக வைத்து மாணவனின் முன்னேற்றத்தை ஆராயவே பயன்படுத்த வேண்டும் என்றும் அது கூறுகின்றது. இராஜஸ்தானத்துக் கோட்டா நகரம் முதலிய இடங்களிற் பிள்ளைகள் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட துயரங்களுக்குப் பின் பிறந்த நெறிமுறை அது. பணத்துக்காக நடத்தும் நிலையங்களே செய்யலாகாதென்று சொல்லப்பட்ட ஒன்றை, அன்புக்காக நடத்தும் சங்கம் செய்யலாமா? நம் பத்திரிகை ஒவ்வொரு வீட்டுக் கூடத்துக்கும் செல்கின்றது. பாட்டி படிப்பாள், சம்பந்தி படிப்பார். பதினேழு வயதுப் பிள்ளையின் பதினொன்றாம் இடம் ஊரெல்லாம் உலவும்.

உபகாரச் சம்பளத்துக்கும் அதுவே நியாயம். முதல் ஐவர் யாரென்று பார்ப்பதைவிட, பணமின்றிப் படிப்பு நிற்கக்கூடியவர் யாரென்று பார்த்து வழங்குவதே நம் நிதியைத் தொடங்கிய பெரியோர்களின் நோக்கமாக இருந்திருக்கும். அவர்களிற் பலர் தாமே பள்ளியிற் பாதியில் நின்றவர்கள்.

ஆதலால் தீர்மானத்தை இவ்வாறு திருத்துமாறு வேண்டுகின்றோம். மதிப்பெண்ணை மாணவனுக்கும் அவன் பெற்றோருக்கும் மட்டுமே தெரிவிப்பது. ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் நான்கு பத்திக் குறிப்பேடு ஒன்றைச் சங்கச் செலவில் அளிப்பது. நம்முள் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும் கற்றவர்கள் முறைவைத்துத் திங்கட்கிழமை மாலைகளில் விடுதிக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையோடும் கால்மணி நேரம் அமர்ந்து அந்தக் குறிப்பேட்டைப் பார்ப்பது. உபகாரச் சம்பளத்தைத் தேவை கண்டு வழங்குவது. முதல் திங்கட்கிழமைக்கு யாம் வருகின்றோம். எம் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாணவர்களே! உங்களுக்கு ஒன்று சொல்லி முடிப்போம். மூன்று மணி நேரத்தில் 75 வினாக்களை எவ்வளவு பிழையின்றிச் செய்தீர்கள் என்பதையே அப்பரீட்சை அளக்கின்றது. உங்கள் அறிவு முழுவதையும் அளக்கும் கருவி அதனிடம் இல்லை. உங்கள் குணத்தை அளக்க அது முயல்வதுமில்லை. நன்கு உழைத்து, கணக்குப் பார்த்து எழுதுங்கள். இடம் கிடைத்தால் மகிழ்வோம். கிடைக்காவிடில் வேறு வாசல்கள் உண்டு. அவ்வாசல்களிற் புகுந்து பெருவாழ்வு வாழ்கின்றவர்கள் இச்சபையிலேயே அமர்ந்திருக்கின்றனர். எவ்வாசலில் நுழைந்தாலும், அடுத்த ஆண்டு விழாவுக்கு நீங்கள் வர வேண்டும். முன்வரிசையில் உங்களுக்கு இடம் வைத்திருப்போம்.